கண்ணில் விடும் மருந்து நெஞ்சுக்கும் போகும்

கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குளிசை என்றால் வயிற்றுக்குள் போகிறது, ஊசி என்றால் இரத்தத்தில் கலக்கிறது. கண்ணில் விடுகிற ஒரே ஒரு துளி எங்கே போய்விடப் போகிறது? குளுக்கோமா நோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்தைப் பொறுத்தவரை இந்த நினைப்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் இம்முறை அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நாங்கள் போய்வரும் தோட்டம் ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழையும் பனியும் இறங்கினால் பம்ப் தலைமாட்டிலேயே இருக்கும். பார்வை ஓரமாக மங்குகிறது என்று மருமகள் அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். குளுக்கோமா என்று சொல்லி ஒரு சின்னப் போத்தல் கொடுத்தார்கள். வேறு வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டதற்குப் பாட்டி, "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி இழுப்பு பிடித்தது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். மருமகள் கையில் எடுத்துப் போயிருந்த கண் மருந்துப் போத்தலை வார்டு டொக்டர் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. "ஏன் பாட்டி, இழுப்பு இருக்கிறதைச் சொல்லலையா?" என்று நாங்கள் கேட்டோம். "கண்ணைக் காட்டத்தானே போனேன் தம்பி, நெஞ்சைப் பத்தி அங்க எதுக்குச் சொல்லணும்?" என்றார். அவர் மேல் பிழை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களும் 'வருத்தம்' என்று பொதுவாகக் கேட்காமல், இழுப்பு உண்டா என்றே கேட்டிருக்கலாம்.

குளுக்கோமா என்பது என்ன?

நம் கண்ணுக்குள்ளே எந்நேரமும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அழும்போது வருகிற கண்ணீர் அல்ல இது, வேறு. ஊறுகிற நீர் ஒரு மெல்லிய வழியாக வடிந்தும் போகும். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பக்கம் தண்ணீர் வந்து, மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி. வெளியேறும் வழி அடைபட்டால் தொட்டிக்குள் என்ன நடக்கும்? அப்படித்தான் கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக இது 10 முதல் 21 வரை இருக்கும். அழுத்தம் ஏறினால், கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். சிலருக்கு 21க்குள் இருக்கும்போதே நரம்பு பழுதாவதும் உண்டு.

பெரும்பாலும் இதில் வலி இல்லை. ஓரப்பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். அதனால் ஆளுக்கே தெரியாது. கண்ணில் வெள்ளை படர்ந்தால் ஒப்பரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். குளுக்கோமாவில் போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். ஆகவே நாங்கள் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் போத்தலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பயந்து மருந்தை விட்டுவிட்டால் அதுவும் கண்ணுக்குக் கேடு.

அந்த மருந்து

இந்த மருந்தின் பெயர் டைமோலோல். கம்பனிக்குக் கம்பனி போத்தலின் மேல் வேறு வேறு பெயர் பெரிதாக இருக்கும். உண்மையான மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்தில் 0.25 சதவீதம் அல்லது 0.5 சதவீதம் என்றும் இருக்கும். வேறொரு கண் மருந்தோடு சேர்த்து ஒரே போத்தலில் வருவதும் உண்டு. அமெரிக்காவில் 1978ல் இதற்கு அனுமதி கிடைத்தது, இன்று வரை உலகமெங்கும் பாவிக்கிறார்கள். கண்ணுக்குள் நீர் ஊறுவதை இது குறைக்கிறது, அதனால் அழுத்தம் இறங்குகிறது. நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் இது 'பீட்டா புளொக்கர்' என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. பிரஷருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கிற அட்டெனொலோல், தைரொயிட் படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற புரொப்ரனொலோல் எல்லாம் இதே குடும்பம்தான். இருதயத் துடிப்பை மெதுவாக்குவது இவற்றின் வேலை. இழுப்பு உள்ளவர்களுக்கு இவை மூச்சுக்குழாயைச் சுருக்கியும் விடலாம். அதிலும் டைமோலோல் ஒரு மோசமான காரியம் செய்யும். இழுப்புக்கு அடிக்கிற சல்பியூட்டமோல் பம்ப் எந்த இடத்தில் போய் வேலை செய்ய வேண்டுமோ, அதே இடத்தை மறித்துக்கொண்டு நிற்கும். பாட்டிக்குப் பம்ப் பலிக்காமல் போனது இதனால்தான்.

சரி, கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போனது? அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இமையில், மூக்குப் பக்கத்து மூலையில், ஊசிமுனை அளவு துவாரம் இருக்கிறது. கண்ணீர் அந்த வழியாக மூக்குக்குள் இறங்கும். விட்ட மருந்தின் பெரும்பகுதியும் அப்படித்தான் இறங்குகிறது. மூக்கின் உள்தோலில் பட்டதும் நேரே இரத்தத்தில் கலந்துவிடும். குளிசை என்றால் முதலில் ஈரலுக்குப் போய் அங்கே அதன் வீரியம் கொஞ்சம் குறையும். இதற்கு அந்தத் தடைகூட இல்லை.

யார் கட்டாயம் சொல்ல வேண்டும்?

இழுப்பு உள்ளவர்கள், சின்ன வயதில் இருந்து பிறகு நின்றுபோனவர்கள்கூட, கண் டொக்டரிடம் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். பல வருஷம் சுருட்டு, பீடி குடித்தோ அடுப்புப் புகையில் கிடந்தோ நெஞ்சு கெட்டுப்போய் நாள்பட்ட இருமலும் இளைப்பும் உள்ளவர்களும் அப்படியே. நாடித் துடிப்பு மெதுவாக உள்ளவர்கள், இருதயத்தில் 'புளொக்' இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இருதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்கள், இவர்களும் சொல்ல வேண்டும். இவர்களில் பலருக்கு டைமோலோல் கொடுக்கவே கூடாது. அதற்குப் பதிலாக வேறு வகை சொட்டு மருந்துகள் இருக்கின்றன, டொக்டர் மாற்றித் தருவார்.

பிரஷருக்கு பீட்டா புளொக்கரோ, வெரபமில், டில்டியாசெம் என்கிற குளிசையோ ஏற்கெனவே குடிப்பவர்களுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்து துடிப்பை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். அதனால் குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கண் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நெஞ்சு கிளினிக்குக்கும் பிரஷர் கிளினிக்குக்கும் போகும்போது கண் மருந்துப் போத்தலையும் எடுத்துப் போங்கள். ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பும் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் தங்கள் நிலையைச் சொல்ல வேண்டும்.

சீனி வருத்தக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையில் மருந்து போட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் மலைக்கு ஏறினால் சீனி இறங்கிவிடும். அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடம்பு நமக்குச் சொல்கிற அறிவித்தல் அது. டைமோலோல் இந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடக் கூடும். வேர்ப்பது மட்டும் பொதுவாக மறையாது. ஆகவே காரணமில்லாமல் குப்பென்று வேர்த்தால் உடனே சீனியோ இனிப்புத் தேத்தண்ணியோ குடித்துவிட்டு உட்காருங்கள்.

களைப்பு, தலைசுற்றல், மனம் சோர்ந்து கிடப்பது, கணவன் மனைவி உறவில் நாட்டம் குறைவது, இவையும் சிலருக்கு வரும். வயசு போய்விட்டது என்று நினைத்துப் பலர் வெளியே சொல்வதில்லை. சரிவான மலையில் கூடையோடு நிற்கிற ஒருவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமா? தாங்களாக மருந்தை நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ அடுத்த துளியை விட வேண்டாம். 1990க்குப் போன் பண்ணி அம்புலன்ஸை அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

விடுகிற முறை

கொழுந்துக் கறையும் மருந்தடித்த செடியும் பட்ட கையோடு போத்தலைத் தொடாதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உட்கார்ந்தோ படுத்தோ கூரையைப் பாருங்கள். கீழிமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு துளி. போத்தலின் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. 'ரெண்டு விட்டா சீக்கிரம் சுகமாகும்' என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு துளியையே கண்ணால் முழுசாகப் பிடித்துவைக்க முடியாது. இரண்டாவது துளி கன்னத்துக்கும் மூக்குக்கும்தான்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். துளி விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடி, கண்ணும் மூக்கும் சேருகிற மூலையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிஷம், ரேடியோவில் ஒரு பாட்டு முடிகிற வரை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படிப் பிடித்தால் மூக்குக்கு இறங்குகிற வழி அடைபடும். மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்புக்குப் போவது நன்றாகக் குறையும். காசு செலவில்லாத காரியம், ஆனால் நாங்கள் விசாரித்த வீடுகளில் யாருமே இதைச் செய்யவில்லை. ஆனால் ஒன்று: இழுப்பு உள்ளவர்கள் 'அழுத்திப் பிடித்தால் சரி' என்று நினைத்து இந்த மருந்தை விடக்கூடாது.

வழக்கமாக நாளுக்கு இரண்டு தடவை, காலையும் மாலையும். சிலருக்கு ஒரு தடவைதான் எழுதுவார்கள். பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் விடாமல், எழும்பியதும் விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் எரிந்து மங்கலாகத் தெரியும், பிறகு தெளியும். இன்னொரு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் விடலாம், அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டதை விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக வேண்டாம். திறந்து நாலு வாரமானால் மிச்சம் இருந்தாலும் வீசிவிட வேண்டும். திறந்த தேதியைப் போத்தலில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது.

லயத்தில் ஒரு வீட்டு மருந்து அடுத்த காம்பராவுக்குப் போவது நமக்குப் பழகிப்போன விஷயம். சீனி, உப்பு, தேயிலைத்தூள் போகட்டும். இந்தப் போத்தல் போகக் கூடாது. ஒருவருடைய கண்ணுக்கு நல்லது செய்வது, அடுத்த வீட்டு இழுப்புக்காரருக்கு மூச்சை நிறுத்திவிடலாம்.

கிளினிக்கில் பாஷை தெரியாமல் வாயடைத்து நிற்கிற கஷ்டமும் எங்களுக்குத் தெரியும். "மட்ட ஹதிய தியெனவா" என்றால் சிங்களத்தில் 'எனக்கு இழுப்பு இருக்கிறது' என்று அர்த்தம். இந்த மூன்று சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் உங்களுக்குள்ள வருத்தங்களையும் குடிக்கிற குளிசைகளையும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி டிஸ்பென்சரியில் கேளுங்கள். எழுதித் தருவார்கள்.

பாட்டிக்கு இப்போது வேறு மருந்து, ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு தடவை. போத்தலில் தேதி எழுதுவது பேத்தியின் வேலை. குளுக்கோமா இரத்த உறவில் வரக்கூடியது என்பதால், உடன்பிறந்தவர்களும் நாற்பது தாண்டிய பிள்ளைகளும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பாட்டியின் தங்கை மட்டும், "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று இன்னும் அசையவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.