சூத்திரம் தபாலில் வரும், பக்குவம் ஆளோடு வரும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கார்ட்டியே பாதுகாப்பு ஆய்வகம் 1970இல் புதுவகை லேசர் ஒன்றை அறிவித்தது. கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே வைத்து வலுவான ஒளித்துடிப்புகளை எழுப்பும் 'டீ லேசர்' அது. விவரங்கள் ஆய்விதழ்களில் வெளிவர, பிரிட்டனில் பல ஆய்வகங்கள் அதைச் செய்துபார்க்க முனைந்தன.

சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் அந்த ஆய்வகங்களுக்கே போய் விசாரித்தார். கட்டுரையை மட்டும் படித்து லேசரை இயக்கியவர் ஒருவர்கூட இல்லை என்று 1974இல் எழுதினார். ஏற்கெனவே அதை இயக்கியவர்களோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களுக்கே அது கைகூடியது. மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் காரியம் கெட்டது. அவற்றை எழுதிவைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

டிரான்சிஸ்டர் பரவிய வழியும் இப்படித்தான்.

1947 டிசம்பரில் நியூஜெர்சியின் முர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் இயங்கியது. 25,000 டாலர் கட்டி உரிமம் பெற்ற நிறுவனங்களின் பொறியாளர்களை 1952இல் வரவழைத்து, தயாரிப்பு முறைகளை பெல் விளக்கிச் சொன்னது. ஆலையையும் சுற்றிக் காட்டியது. பெல் ஆய்வகத்தில் படிகம் வளர்ப்பதில் கைதேர்ந்திருந்த கார்டன் டீல், சொந்த ஊரான டல்லாஸுக்குத் திரும்பி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்தார். 1954இல் விற்பனைக்கான முதல் சிலிக்கான் டிரான்சிஸ்டர் அங்கிருந்து வந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டறிந்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, தாயார் வாழ்ந்த பாலோ ஆல்டோவுக்குப் பக்கத்தில், மவுன்டன் வியூவில் 1956இல் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே எட்டுப் பேர் அவரோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, அதே வட்டாரத்தில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை நிறுவினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் இன்டெலைத் தொடங்கினார்கள். பழத்தோட்டங்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கானது.

இந்த அண்டை வீட்டுப் பாசம் கணக்கிலும் தெரிகிறது. ஆடம் ஜாஃப், மானுவல் டிராக்டன்பர்க், ரெபெக்கா ஹெண்டர்சன் ஆகிய மூவரும் 1993இல் அமெரிக்கக் காப்புரிமைகளை ஆராய்ந்தார்கள். ஒரு காப்புரிமையை மேற்கோள் காட்டும் பிந்தைய காப்புரிமைகள், எதிர்பார்ப்பதைவிட அதிகமாக அதே ஊர்ப் பகுதியிலிருந்தே வந்தன. நாளாக நாளாக இந்தச் சாய்வு மெல்லக் குறைந்தது.

தைவான் இந்தத் தூரத் தடையைக் குறுக்குவழியில் கடந்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் தொழில்நுட்ப உரிமத்தோடு பயிற்சியையும் சேர்த்து வாங்கி, இளம் பொறியாளர்களை அந்நிறுவன ஆலைகளுக்கு அனுப்பியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு உழைத்த மோரிஸ் சாங்கைப் பிறகு அழைத்துக்கொண்டது. 1987இல் அவர் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியைத் தொடங்கினார்.

புதிய ஆராய்ச்சி மையங்களுக்குத் திட்டமிடும் அரசுகள் கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குகின்றன. இளம் ஆய்வாளர்களை வெளியே அனுப்பவும், அனுபவசாலிகளை அழைத்து உட்காரவைக்கவும் அதே அளவு அக்கறையோடு ஒதுக்க வேண்டும்.