கண்ணைக் காக்கும் மருந்தும் புற்றுநோய் பயமும்



“இந்த மாத்திரையால் புற்றுநோய் வருமாமே?” என்று பயந்து, மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அதனால் பார்வையே போய்விடலாம். ஆகவே இதைச் சற்று விளக்குகிறோம்.

தோலுக்கும் முடிக்கும் கண்ணின் உட்படலத்துக்கும் நிறம் தருபவை நிறமி செல்கள். காதின் உட்பகுதியிலும் மூளை உறையிலும் அவை உண்டு. நம் எதிர்ப்புச் சக்தியே இவற்றைத் தாக்குவதுதான் வோக்ட்-கோயனாகி-ஹராடா என்னும் அபூர்வ வியாதி. பெரும்பாலும் தலைவலி, காது இரைச்சலோடு தொடங்கி, இரு கண்களும் மங்கும். பின்னர் இமைமுடி நரைத்து, தோலில் வெண்திட்டுகள் தோன்றலாம். இது குஷ்டம் அல்ல, தொற்றாது.

முதலில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதையே நெடுநாள் கொடுத்தால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை வரும். எனவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், அசத்தியோப்ரின், மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகளுக்கு மாற்றுவார்கள்.

பயம் எங்கே வருகிறது? கரிசல் காட்டில் களையெடுக்கும் ஆட்களைக் குறைத்தால் சில களைகள் தப்பும். அதுபோல, கெட்டுப்போன செல்களை அழிக்கும் காவல் குறைந்தால் புற்றுநோய்க்கு இடமுண்டு. சிறுநீரகம் மாற்றப்பட்டு, பல மருந்துகளை ஆயுள் முழுவதும் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் அதிகம். ஆனால் கண் அழற்சி உள்ள 7,957 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஆய்வில், இம்மூன்று மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடியதாகத் தெரியவில்லை.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்குள்ள டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் முன்னின்ற, 216 பேர் பங்குகொண்ட ஆய்வு 2019-ல் வெளியானது. விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட்டைவிட மைக்கோபீனோலேட் மேலானதல்ல என்று அதில் தெரிந்தது. ஏழைகளுக்கு இது நற்செய்தி.

ஆனாலும் கவனம் தேவை. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அசத்தியோப்ரின் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். வெண்திட்டிலோ காக்கும் நிறமே இல்லை. ஆகவே காட்டுவேலைக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிய வேண்டும். ஆறாத புண், கழுத்தில் கட்டி, விடாத காய்ச்சல் கண்டால் உடனே வர வேண்டும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

அந்தப் பரிசோதனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் கட்டணம் வேறு. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். உங்கள் காணிக்கை அவர்களைத் தொடர்ந்து வரச்செய்யும். பயத்தினால் மருந்தை விட்டவர்கள் திரும்பிவர ஜெபியுங்கள்.