விண்வெளியில் ஒரு சுழல் நாற்காலி

2006 செப்டம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் தரையிறங்கிய மறுநாள், ஹூஸ்டனில் வரவேற்பு விழா. மேடையில் பேசிக்கொண்டிருந்த விண்வெளி வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் நிற்க முடியாமல் இரண்டு முறை சரிந்தார். கடற்படையில் முக்குளிப்புப் பயிற்சி பெற்ற அதிகாரி அவர். 12 நாள் எடையின்மை அவரையும் சாய்த்துவிட்டது.

நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் சேதி சொல்ல, இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். விண்வெளியில் இந்த வேலையே இல்லை. ரத்தம் மேலேறி முகம் உப்புகிறது. நீர் கூடிவிட்டதாக எண்ணி உடல் அதைக் குறைத்துக்கொள்கிறது. திரும்பி வந்து நின்றால் கண் இருட்டுகிறது. தரையிறங்குமுன் உப்பு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொள்வது, கால்களை இறுக்கும் உடை அணிவது எல்லாம் ஓரளவுதான் கைகொடுக்கின்றன. முன்பு நடந்த ஓர் ஆய்வில், விண்ணோடத்தில் போய்வந்த 14 பேரில் 9 பேரால் 10 நிமிடம் நிற்க முடியவில்லை.

1998 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் நியூரோலேப் என்ற 16 நாள் ஆய்வுப் பயணம் புறப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சுழல் நாற்காலி ஒன்றும் உடன் சென்றது. ஆளை மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்காரவைத்து, வாரால் இறுகக் கட்டி, நிமிடத்துக்குச் சுமார் 42 சுற்று சுற்றுவார்கள். குடை ராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளுமே, அந்த விசை இங்கே பூமியின் ஈர்ப்புக்குச் சமமாகிவிடும். கண்ணசைவைக் கேமரா பதிவுசெய்யும். ரத்த அழுத்தத்துக்காக அனுப்பிய கருவியல்ல இது. மேல் கீழ் எது என்று உணர்த்தும் உள்காதுத் துகள்களை ஆராயவே அனுப்பினார்கள்.

ஆனால் நாற்காலியில் சுழன்ற நால்வரும் பூமிக்குத் திரும்பியதும், சாய்மேசையில் நிமிர்த்தி வைத்த சோதனையில் மயங்கவில்லை. சுழலாதவர்களில் இருவரைச் சோதித்தபோது, ஒருவரிடம் பழைய தடுமாற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லும் கட்டளையில் உள்காதுக்கும் பங்குண்டு. சுழற்சி அதை மங்காமல் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நால்வரை வைத்து முடிவு கட்ட முடியாது. குட்டையான கரத்தில் சுழலும்போது தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பு வரும் என்ற சிக்கலும் இருக்கிறது. ஆனாலும் இந்தத் தடயத்தை விட்டுவிடலாகாது. இங்கே இறங்குபவரைத் தாங்கிப் பிடிக்க மருத்துவக் குழு காத்திருக்கும். மாதக்கணக்கில் பயணம் செய்து செவ்வாயில் இறங்குபவர் தானாகத்தான் எழுந்து நிற்க வேண்டும். அதற்குள் இதைப் பலரிடம், பல மாதங்கள், விண்வெளியிலேயே சோதித்தாக வேண்டும். ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதரை ஏற்றிச் சுழற்றும் கருவி ஒன்றுகூட இல்லை.