குளத்துக் கெண்டையும் ஹார்மோன் ஊசியும்

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆற்று மீன்கள். கொங்கு நாட்டுக் குளங்களிலும் அவை நன்றாகவே வளர்கின்றன. பருவம் வந்ததும் பெண் மீனின் வயிறு சினையால் புடைக்கும். ஆனாலும் தேங்கிய நீரில் அது முட்டையிடாது. சினை மெல்லக் கரைந்து உடலோடு சேர்ந்துவிடும்.

முட்டை வளர்வதற்கும் வெளிவருவதற்கும் மூளை தனித்தனியே ஆணையிடுவதே இதற்குக் காரணம். பகலின் நீளமும் வெப்பமும் கூடும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, அங்கே சுரக்கும் எஸ்ட்ராடையால் கல்லீரலுக்குச் சென்று மஞ்சள் கருவுக்கான புரதத்தை உண்டாக்குகிறது. இவ்வளவும் குளத்திலேயே நடந்துவிடும். அடுத்து எல்.எச். என்னும் ஹார்மோன் ஒரே வீச்சில் பெருக வேண்டும். அப்போதுதான் முட்டையின் உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து கரையும். முட்டை பக்குவமாகிச் சினைப்பையிலிருந்து விடுபடும். ஆற்றில் புதுவெள்ளம் இந்தப் பெருக்கைத் தூண்டுகிறது. குளத்தில் அந்தத் தூண்டல் இல்லை. மூளையில் சுரக்கும் டோபமைன் எல்.எச்.சை அடக்கியே வைத்திருக்கிறது.

வேறொரு மீனின் பிட்யூட்டரியை அரைத்து ஊசியாகச் செலுத்தினால் இந்தக் குறை தீரும் என்பதை 1930களில் தென் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இந்தியக் கெண்டைகளில் இதைச் சாதித்தவர் ஹிராலால் சௌத்ரி. இடம் ஒடிசாவின் அங்குல், நாள் 1957 ஜூலை 10. அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாள். அதுவரை மீன் குஞ்சுக்கு ஆற்று வெள்ளத்தையே நம்பியிருந்த நாட்டுக்கு இது பெரிய விடுதலை.

பிட்யூட்டரி முறையில் பெண் மீனுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். சுரப்பியின் வீரியமும் ஒரே சீராக இருக்காது. பின்னர் வந்த ஓவாப்ரிம் போன்ற மருந்துகளுக்கு ஒரே ஊசி போதும். அவற்றில் ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் செயற்கை வடிவத்தோடு, மனிதருக்கு வாந்தியை நிறுத்தத் தரும் டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. டோபமைனின் பிடியை அது தளர்த்துகிறது. தூண்டலைக் கூட்டுவதோடு தடையையும் நீக்க வேண்டும் என்று கண்டுகொண்டதே இந்தத் துறையின் மிக நுட்பமான அறிவு.

பவானிசாகர், ஆழியாறு போன்ற அணைகளை அடுத்த மீன் பண்ணைகளின் பணி இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. முதுகுத் துடுப்பின் அடியில், தசையில் ஊசி போடுவார்கள். பெண்ணுக்கு கிலோவுக்கு சுமார் அரை மில்லி, ஆணுக்கு அதைவிடக் குறைவு. வட்டத் தொட்டியில் நீர் சுழன்றோட, சில மணி நேரத்தில் பெண் மீன் முட்டையிடும், ஆண் விந்தைப் பீய்ச்சும். ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிக்கும். மூன்று நாள் வரை தன் மஞ்சள் கருவையே உண்டு வாழும்.

எல்லா மீனுக்கும் இந்த ஊசி வேண்டியதில்லை. அமராவதி அணையில் பெருகிய ஜிலேபி, தேங்கிய நீரிலேயே முட்டையிட்டு வாயில் அடைகாக்கும். அதை வளர்ப்பவர்களுக்கு, குளம் நிறையக் குஞ்சு பெருகாமல் தடுப்பதே பெரும்பாடு.