ஒரு குழந்தை, ஒரு தொட்டி

எங்கள் பள்ளியில் மரம் வைக்க இடமில்லை. முன்னால் சாலை, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் சிமெண்ட் போட்ட சிறு முற்றம். பள்ளித் தோட்டம் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "இடவசதி இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தொட்டியில் செடி வளர்க்கும் முறையைப் படித்த பிறகுதான் அந்தப் பதில் சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு குழந்தைக்கு அங்கே தேவைப்படும் இடம் ஓர் அடிக்கு ஓர் அடி. அவ்வளவு இடம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

சந்துகளில் வளர்ந்த பழக்கம்

ஜப்பானியத் தொட்டிச் செடி என்றதும் நமக்குப் போன்சாய்தான் நினைவுக்கு வரும். அது பல ஆண்டுகள் காத்திருந்து வளர்க்க வேண்டிய கலை. ஆனால் அந்நாட்டின் சாதாரண மக்களிடம் வேறொரு பழக்கமும் உண்டு. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அந்நகரின் உழைக்கும் மக்கள் நீண்ட வரிசை வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அவற்றில் சிறிய வீடு ஒன்றின் முகப்பு சுமார் 2.7 மீட்டர், ஆழம் சுமார் 3.6 மீட்டர். தோட்டத்துக்கு வழியே இல்லை. எனவே வாசலை ஒட்டிய சந்தில் தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். இன்றும் டோக்கியோவின் பழைய தெருக்களில் இந்தக் காட்சியைக் காணலாம்.

அந்தத் தொட்டிகளில் பெரிதும் விரும்பப்பட்ட கொடி அசகாவோ. 'அசா' என்றால் காலை, 'காவோ' என்றால் முகம். விடியலில் புனல் வடிவில் மலர்ந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும் பூ. விதைகளை மருந்தாகப் பயன்படுத்துவதற்காகச் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த இந்தக் கொடி, 19-ஆம் நூற்றாண்டில் எடோ மக்களின் பெரும் மோகமாக மாறியது. டோக்கியோவின் இரியா பகுதியில் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை அசகாவோ தொட்டிச் சந்தை நடக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு கொடி

ஜப்பானில் 1989-இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, 1, 2 வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனிப் பாடங்களாக இருந்த நிலை மாறியது. அவற்றுக்குப் பதிலாக 'வாழ்க்கைப் பாடம்' என்னும் புதிய பாடம் 1992 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தை தானே செய்து, பார்த்து, பேசிக் கற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. செடி வளர்ப்பு இதில் முக்கிய இடம் பெறுகிறது.

அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மே மாதத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் பெயர் எழுதிய பிளாஸ்டிக் தொட்டியில் சில விதைகளை ஊன்றும். காலையில் வந்ததும் தன் தொட்டிக்குத் தானே தண்ணீர் ஊற்றும். முளை விட்டபோது, இலை வந்தபோது, பூத்தபோது என்று படம் வரைந்து எழுதும். ஜூலை பிற்பகுதியில் கோடை விடுமுறை தொடங்கும்போது தொட்டி வீட்டுக்குப் போகும். உதிர்ந்த பூக்களைக் கசக்கி எடுத்த நிறநீரில் காகிதத்துக்குச் சாயம் ஏற்றுவார்கள். இலையுதிர் காலத்தில் விதைகளைச் சேகரித்து, காய்ந்த கொடியை வளையமாகச் சுற்றி அலங்காரம் செய்வார்கள். பல பள்ளிகளில் அந்த விதைகள் அடுத்த ஆண்டு சேரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பரிசாகப் போகின்றன.

ஏன் இந்தக் கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தால் நமக்கும் ஒரு வழி கிடைக்கும். விதை பெரியது, சிறு விரல்களால் எடுக்க முடியும். சில நாட்களிலேயே முளைக்கும். வித்திலைக்கும் அடுத்து வரும் இலைக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதையிலிருந்து மீண்டும் விதை வரையிலான முழு வாழ்வும் ஒரே கல்வியாண்டுக்குள் முடிந்துவிடும்.

மேல் வகுப்புகளிலும் இது தொடர்கிறது. 2-ஆம் வகுப்பில் சிறு தக்காளி போன்ற காய்கறிகள். 3-ஆம் வகுப்பு அறிவியலில் காசித்தும்பையும் சூரியகாந்தியும். 4-ஆம் வகுப்பில் பாகல், பீர்க்கு, சுரை ஆகியவற்றின் கொடிகளில் ஒன்றை வளர்த்து, வெப்பநிலைக்கு ஏற்ப அது எவ்வளவு நீள்கிறது என்று அளக்கிறார்கள். 5-ஆம் வகுப்பில் விதை முளைக்க எவை தேவை என்று அவரையைக் கொண்டு சோதிக்கிறார்கள். பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் நம் கொல்லைச் செடிகள்தான்!

எங்கள் வகுப்பில் நடந்தது

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் என் 2-ஆம் வகுப்புக் குழந்தைகள் 23 பேருக்கும் ஆளுக்கொரு தொட்டி கொடுத்தேன். அசகாவோ விதை நச்சுத்தன்மை உடையது, வாயில் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால் தட்டைப்பயறைத் தேர்ந்தெடுத்தேன். முன்னெச்சரிக்கையாக நான்கு தொட்டிகளைக் கூடுதலாக வளர்த்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தேன்.

ஜூலை இறுதியில் ஒரு பையனின் செடி மஞ்சளாகி வாடியது. அடுத்த நாள் தண்டு சாய்ந்துவிட்டது. அவன் அன்று வரவில்லை. பாவம், திங்கட்கிழமை வந்து பார்த்து அழுவானே என்று, கூடுதல் தொட்டி ஒன்றில் அவன் பெயரை ஒட்டி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவன் தொட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், இது என் செடி இல்ல" என்றான். "உன் பேர்தானே இருக்கு" என்றேன். அவன் தன் நோட்டைத் திறந்து காட்டினான். கீழிலையில் புழு அரித்த ஓர் ஓட்டையைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தான். "என்னோடதுல ஓட்டை இருந்துச்சு. இதுல இல்ல."

உற்றுப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பாடத்தை அவன் கற்றுக்கொண்டான். ஏமாற்ற முயன்றவளும் நானே. "ஆமாப்பா, உன் செடி பட்டுப்போச்சு. நான்தான் மாத்தி வச்சேன். சொல்லாம செஞ்சது என் தப்பு" என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னேன்.

நல்லவேளை, பழைய தொட்டியைக் கொட்டியிருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தித்தாளில் கவிழ்த்தோம். மண் சேறாக இருந்தது, வேர் பழுப்பேறி அழுகியிருந்தது. அடியிலிருந்த துளையைக் களிமண் அடைத்திருந்தது. தண்ணீர் ஊற்றாததால் அல்ல, ஊற்றிய தண்ணீர் வெளியேறாததால் செடி செத்தது என்பதைக் குழந்தைகளே சொன்னார்கள். உடனே ஒவ்வொருவரும் தங்கள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். இன்னும் மூன்று தொட்டிகளில் துளை அடைந்திருந்தது. குச்சியால் குத்திச் சரிசெய்தோம். அந்த மூன்றும் பிழைத்தன. அவன் புதிதாக விதை ஊன்றினான். மற்றவர்களுக்குச் செப்டம்பரில் காய் முற்றியது, அவனுக்கு அக்டோபர் கடைசியில்.

'ஒரு குழந்தை, ஒரு தொட்டி' என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. பொதுத் தோட்டத்தில் ஒரு செடி பட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. தன் தொட்டியில் பட்டுப்போனால் அது தன் செடி. அந்தத் துக்கத்தையும் அதற்கான காரணத்தையும் குழந்தையிடமிருந்து நாம் பறித்துக்கொள்ளக் கூடாது.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

• 5 லிட்டர் தண்ணீர்க் கேனை மேல்பகுதி வெட்டிப் பயன்படுத்தலாம். வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்து, விளிம்பில் துணி நாடா ஒட்டிவிட வேண்டும். அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, மேலே ஓட்டாஞ்சில்லு பரப்ப வேண்டும்.

• செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. களிமண் வேண்டாம்.

• ஒரு தொட்டிக்கு மூன்று விதை. சுண்டுவிரல் முதல் கணு ஆழம் போதும். முளைத்த பின் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எதைப் பிடுங்குவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். பிடுங்கியதை வேறிடத்தில் நட்டுப் பார்க்கலாம்.

• தட்டைப்பயறில் முதலில் வரும் இரண்டு இலைகள் தனி இலைகள். பிறகு வருபவை மும்மூன்று சிற்றிலைகள் கொண்டவை. இதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

• தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு வளரும். தட்டு வேண்டாம்.

• கோடை விடுமுறைக்குள் வாழ்வு முடியும் செடியையே தேர்ந்தெடுங்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்குச் சங்குப்பூ ஏற்றது. அதன் நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகவும் சோப்புநீரில் பச்சையாகவும் மாறும். அமிலம், காரம் பாடத்துக்கு இதுவே நிறங்காட்டி. மேல்நிலையில் ஒளிக்காலத்துவம் நடத்தும்போது அசகாவோவைக் குறிப்பிடலாம். அதன் 'வயலெட்' என்னும் வகை, ஒரே ஒரு நீண்ட இரவைச் சந்தித்தாலே மொட்டு வைக்கும். இதனால் ஆய்வகங்களில் அது புகழ்பெற்றது.

எங்கள் குழந்தைகள் சேர்த்த விதைகள் இப்போது 23 காகித உறைகளில் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒவ்வோர் உறையிலும் அனுப்புபவர் பெயர் உண்டு. பெறுபவர் பெயரை வரும் ஜூனில், புதிய 2-ஆம் வகுப்பு வந்த பிறகு எழுதுவோம்.