அரைக் கிராம் மண்ணும் ஒரு மலையும்

கொட்டகலையில் ஒரு தேயிலை மலையை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஒரு ஹெக்டெயர். மேலே உள்ள 15 சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் கணக்கிட்டாலும் அது 1,500 கன மீற்றர். ஒரு கன மீற்றர் ஒரு தொன் என்று குறைத்தே வைத்தாலும் 15 இலட்சம் கிலோ மண். அதில் சேதனக் காபன் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, ஆய்வுகூடத்தில் குடுவைக்குள் போவது அரைக் கிராம். முந்நூறு கோடியில் ஒரு பங்கு.

அந்த ஒரு பங்கு மலை முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைக் கலைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சுற்றாடல் ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சி உதவி உத்தியோகத்தருடைய வேலை. மண் எடுப்பது, நீர் அள்ளுவது, கரைசல் தயாரிப்பது, கருவியைச் சரிபார்ப்பது, குடுவை கழுவுவது, எண்ணைக் குறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆய்வறிக்கையின் முகப்பில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அவர் கை வழியாகத்தான் வந்திருக்கும்.

மலையில் தொடங்கும் ஆய்வு

கொட்டகலையிலிருந்து நுவரெலியா வீதியில் போனால் அடுத்த நகரம் தலவாக்கலை. அங்கே சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். 1925இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட இந்த நிறுவகம் நூற்றாண்டைக் கண்டுவிட்டது. மலையகத்துத் தேயிலை மண்ணைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இத்தகைய ஆய்வுகூட மேசைகளில் அளந்து சேர்த்ததுதான்.

அந்த அளவு மேசையில் தொடங்குவதில்லை. மலையில் ஒரே இடத்தில் மண்ணை வெட்டி எடுத்தால் அது அந்த இடத்தின் கதையை மட்டுமே சொல்லும். எனவே மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் ஒரே ஆழத்தில் மண் எடுக்க வேண்டும். கான் ஓரம் கூடாது, அங்கே அடித்துவந்த மண் படிந்திருக்கும். கவாத்துக் குச்சி எரித்த இடம் கூடாது, சாம்பல் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். இப்படி விலக்க வேண்டிய இடங்கள் பல. சில கண்ணுக்கே தெரியாது. "இங்க முந்தி மாட்டுப்பட்டி இருந்துச்சி தம்பி, இந்த எடத்துல எடுக்காதீங்க" என்று மலையில் நிற்கும் ஒரு பெரியவர் சொல்லும் சொல்லை எந்தக் கருவியும் சொல்லாது. முள்ளுக் குத்திப் பழகிய கைக்கு எந்த மண் இறுகிக் கிடக்கிறது என்பதும் தெரியும். நல்ல உத்தியோகத்தர் மண்ணை அள்ளுமுன் அவர்களிடம் கேட்பார்.

எடுத்த மண்ணையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காக வகுத்து, எதிரெதிரான இரண்டு பங்கை நீக்குவார்கள். மிஞ்சியதை மறுபடி கலந்து மறுபடி வகுப்பார்கள். கடைசியில் ஒரு சிறு பை மண் மிஞ்சும். அதற்குச் சீட்டு எழுத வேண்டும்: தோட்டம், மலை எண், கவாத்து ஆண்டு, ஆழம், திகதி. சீட்டு மாறினால் அந்த மண் அநாதை. அதன் பிறகு எத்தனை விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் பயனில்லை.

வெறுங்குடுவை சொல்லும் உண்மை

தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண் அதற்கு உகந்தது. பீ.எச். அளவுகோலை 1909இல் டென்மார்க்கில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்தார். அவர் வேலை செய்தது ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும், அரைப் படி இறங்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போடப் போட, மண்ணிலுள்ள பக்டீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கி அமிலத்தை வெளிவிடுகின்றன. மண் தேயிலைக்கே தாங்காத அளவு புளித்துப்போனால் டொலமைட் இட வேண்டும். அதற்கு ஏற்ற காலம் கவாத்துக் காலம். அந்தக் காலம் தவறினால் அடுத்த கவாத்துக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது ஒரு காலைப்பொழுதை நினைத்துப்பாருங்கள். உத்தியோகத்தர் 4, 7 என்ற நியமக் கரைசல்களில் பீ.எச். மானியைச் சரிபார்க்காமல் அளக்கிறார். மானி அரைப் படி விலகி நிற்கிறது. 4.2 இருக்கும் மண் 4.7 என்று பதிவாகிறது. "டொலமைட் தேவையில்லை" என்று தோட்டத்துக்கு அறிக்கை போகிறது. ஐந்து நிமிட அசட்டையின் பலனை ஒரு மலை ஆண்டுக்கணக்கில் சுமக்கும்.

சேதனக் காபனை அளக்க 1934இல் வோக்லி, பிளாக் இருவரும் வெளியிட்ட முறை இன்றும் பல ஆய்வுகூடங்களில் நடக்கிறது. செம்மஞ்சள் நிறப் பொற்றாசியம் இருகுரோமேற்றும் செறிந்த சல்பூரிக் அமிலமும் மண்ணோடு சேரும்போது எழும் சூட்டில் காபன் ஒட்சியேறும். காபன் கூடுதலாக இருந்தால் செம்மஞ்சள் பச்சையை நோக்கி நகரும். எஞ்சிய இருகுரோமேற்றை அளவியிலிருந்து பெரசுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு நியமிப்பார்கள்.

இந்த வரிசையில் மண்ணே போடாத ஒரு குடுவையும் இருக்கும். அதே அமிலம், அதே இருகுரோமேற்று, அதே நியமிப்பு. பார்ப்பவருக்கு வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் பெரசுக் கரைசல் காற்றுப்பட்டு நாளுக்கு நாள் வலுவிழக்கும். இன்று அதன் வலு எவ்வளவு என்று சொல்வது இந்த வெறுங்குடுவைதான். மண்ணுள்ள குடுவைகளின் பொய்யை மண்ணில்லாத குடுவை காட்டிக்கொடுக்கிறது.

வேலை முடிந்ததும் குரோமியக் கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட முடியாது. அறுவலு குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. அதைத் தனிக் கலனில் சேர்த்து, நஞ்சு நீக்கி, உரிய வழியில் அகற்ற வேண்டும். சுற்றாடலை ஆராயும் இடம் ஆற்றைக் கெடுக்கக் கூடாது என்ற நேர்மையும் அவர் கையில்தான் இருக்கிறது.

உயரம் மாற்றும் எண்

இந்த மலைகளின் நீர் சேரும் ஆறு கொத்மலை ஓயா. தலவாக்கலையில் அதை மறித்துத்தான் 2012இல் 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. பிறகு அந்த நீர் மகாவலியாகித் திருகோணமலைக் கடல்வரை ஓடுகிறது. மலையில் கரையும் மண்ணும் பசளையும் இந்த வழியாகத்தான் கீழிறங்குகின்றன.

ஆற்றின் நலத்தை அறிய நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளப்பார்கள். போத்தலில் நீரை அள்ளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து அளந்தால் பிந்திவிடும், வழியிலேயே நுண்ணுயிர்கள் ஒட்சிசனைக் குடித்துவிடும். அதனால் 1888இல் விங்க்ளர் காட்டிய வழியில், ஆற்றங்கரையிலேயே மங்கனீசு உப்பும் காரக் கரைசலும் சேர்த்து ஒட்சிசனைக் கபில நிற வீழ்படிவாகப் பிடித்துவைப்பார்கள்.

கடல்மட்டத்தில் 20 பாகை நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ள கொட்டகலையில் காற்றழுத்தம் குறைவு. அதே நீர் இங்கே 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். கடல்மட்ட அட்டவணையை அப்படியே வைத்துப் பார்த்தால், சுத்தமான ஓடையும் நோயுற்ற ஓடையாகத் தெரியும். மலைநாட்டு வீட்டில் பருப்பு வேகக் கூடுதல் நேரமெடுக்கும் காரணமும் இதே அழுத்தம்தான், இங்கே நீர் 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்படி அறிந்ததை அட்டவணை மறக்கக் கூடாது.

ஒரு கப்பலும் ஒரு மாதிரியும்

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தைச் சேதனப் பசளை நிரப்ப வேண்டியிருந்தது. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு, கூட்டெருவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பங்கு. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள நைதரசனை, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவில் கொடுக்க ஏறத்தாழ 1,500 கிலோ வேண்டும். முப்பது மூட்டை. அதைச் செங்குத்து மலையில் சுமந்து ஏற்ற வேண்டும். இந்தச் சின்னக் கணக்குக்கு நாடு தயாராக இருக்கவில்லை. நவம்பருக்குள் தடை தளர்ந்தது. பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2021இல் 29 கோடி கிலோவைத் தாண்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக விழுந்தது. கொழுந்து குறைந்தபோது முதலில் குறைந்தது லயத்து வீட்டு வருமானம்.

தடை வந்த 2021இலேயே சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது. பசளை மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆய்வுகூடம் கண்டது. விற்ற நிறுவனம் அதை ஏற்க மறுத்தது. கப்பல் சரக்கை இறக்காமலே போனது. 2022 ஜனவரியில் 69 இலட்சம் டொலர் செலுத்தியே இலங்கை அந்தப் பிணக்கிலிருந்து விலகியது. ஒரு போத்தல் மாதிரியை யார் எடுத்தார், எப்படி முத்திரையிட்டார், யார் அளந்தார் என்ற கேள்விகள் இரண்டு நாடுகளுக்கிடையிலான வழக்காகவே வளரக்கூடும்.

மீதி மண்

அரைக் கிராம் போக மிஞ்சிய மண்ணை நல்ல ஆய்வுகூடம் வீசுவதில்லை. காயவைத்துச் சலித்து, சீட்டோடு போத்தலில் அடைத்து வைக்கும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் 1843இலிருந்து அப்படிச் சேர்த்த மண், பயிர் மாதிரிகள் இன்று மூன்று இலட்சம் அளவில் இருக்கின்றன. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்துவைத்த கோதுமையில் 2005இல் பூஞ்சணங்களின் டி.என்.ஏ.யைத் தேடிப்பிடித்து, தொழிற்சாலைப் புகைக்கும் பயிர் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். அந்தக் கோதுமையை அடைத்துச் சீட்டு எழுதியவருக்கு டி.என்.ஏ. என்றால் என்னவென்று தெரியாது. தன் கையெழுத்து பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மலையகத்துப் பிள்ளைகள் விஞ்ஞானம் படித்தால் வைத்தியர், ஆசிரியர் என்ற இரண்டு கதவுகளையே வீட்டில் காட்டுகிறோம். மூன்றாவது கதவு இந்த ஆய்வுகூட வேலை. எந்த மலையில் எந்தக் கான் எப்போது உடைந்தது, எந்தப் பீலியில் எந்த மாதம் நீர் கலங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையின் முதற்பாடம் ஏற்கெனவே தெரியும். நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மண்ணைக் கிளறி, உரமிட்டு, காத்தவர்களின் பேரப்பிள்ளை, அந்த மண்ணின் சீட்டில் மலை எண்ணையும் திகதியையும் பிழையின்றி எழுதட்டும். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் போத்தலைத் திறப்பவர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் தன் வேலையைத் தொடங்குவார்.