கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

மழை பெய்து சில நாள் கழித்து இராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் காடுகளுக்குச் சென்று பாருங்கள். களை எடுக்கும் பெண்கள் கோரையையும் அறுகையும் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். ஒரு செடியை மட்டும் எறியாமல் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். சாண் உயரமே உள்ள அச்செடிதான் கீழாநெல்லி.

இலைகளின் கீழே சிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் வந்தது. ஆயுர்வேதம் இதைப் பூமியாமலகி என்கிறது. ஆமலகி என்றால் நெல்லி. தாவரவியலில் இதன் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். ஒருமுறை மென்றவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை!

இதே தோற்றமுடைய வேறு செடிகளும் உண்டு. சிவந்த தண்டும், காம்பில்லாத சொரசொரப்பான காயும் இருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா. நம் கீழாநெல்லியின் காய் வழவழப்பானது. சிறு காம்பும் உண்டு. பழைய நூல்கள் பலவற்றில் இதற்கு 'நிருரி' என்ற பெயர் காணப்படும். உண்மையில் நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடியாகும்.

பித்தத்தைத் தணிப்பது, சிறுநீர் எரிச்சலைப் போக்குவது, காமாலையைத் தீர்ப்பது ஆகியவை ஆயுர்வேதம் இதற்குக் கூறும் பயன்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் காமாலை வந்தபோது, என் அம்மாயி இதை வேரோடு அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். நான் பிழைத்தேன். ஊரில் சொந்தக்காரர் ஒருவருக்குக் காமாலை வந்தபோதும் அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். நாற்பது நாளாகியும் மஞ்சள் இறங்கவில்லை. பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரே செடி ஒருவரைக் காத்து மற்றவரைக் கைவிட்டது ஏன்?

காமாலை தனி நோயன்று. அது ஓர் அறிகுறி. சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும், கல்லீரல் நலிந்தாலும், பித்தநாளம் அடைபட்டாலும் கண் மஞ்சளாகும். அசுத்தமான குடிநீரால் பரவும் ஏ, ஈ வகைக் கல்லீரல் அழற்சி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். அப்போது எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பேர் கிடைக்கும். ஆனால் ஈ வகை கருவுற்ற பெண்களுக்கு உயிராபத்தாகலாம். அடைத்த கல்லோ எந்தச் சாற்றுக்கும் கரைந்து வழிவிடாது.

அப்படியானால் இச்செடி வீணா? சென்னையில் தியாகராஜன் குழுவினர் பி வகை வைரஸைச் சுமப்பவர்களிடம் இதைச் சோதித்தனர். 200 மில்லிகிராம் தூளை நாளுக்கு 3 வேளையாக 30 நாள் கொடுத்தனர். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கும் வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். அவ்வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளம்பர்க்கும் அக்குழுவில் இருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. அறிவியலில் ஒருமுறை கிடைத்த வெற்றி போதாது. மறுமுறையும் கிடைக்க வேண்டும். பி வகையைத் தடுக்க இன்று பிறந்த குழந்தைக்கே தடுப்பூசி போடப்படுகிறது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. கண் மஞ்சளானதெல்லாம் ஒரே காமாலை என்று நாமும் எண்ணிவிடக் கூடாது. நண்பர்களே! வீட்டில் யாருக்கேனும் கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காரணம் தெரிந்தபின் மருந்தைப் பற்றிப் பேசலாம். இதை அம்மாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது படித்த பேரப்பிள்ளைகளாகிய நம் கடமையன்றோ!